எமகண்டத்தில் ஏறிய தண்ணீர்

மெர்சிங் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஒரு மணல் மேட்டின் மேல் எங்கள் படகு சாய்ந்து கிடந்தது. அம்மா குடையை விரித்துப் பிடித்தபடி, புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சங்கிலிக் கடிகாரத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். படகுக்காரர் பாக் மாட் இலையில் புகையிலையைச் சுருட்டி, அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர் வெள்ளைக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுச் சேற்றில் நின்றார்.

சுற்றிலும் சின்னச் சின்ன நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்தன. என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டம் அந்த நண்டுகள்தான்.

இப்படிப் பெண் பார்த்த குடும்பம் மலாயாவில் வேறு ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பகுதியில் என் கல்யாணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். பெக்கோக்கிலிருந்து ஒரு வாசகி கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். "மாட்டுக்கொட்டகைக்கு ஒன்றரைப் பக்கம், கல்யாணத்துக்கு ஒரு வரியா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அந்தக் கொட்டகை எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அதனால் வந்த வினை. இந்த வாரம் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

பெரிய கிராணி

என் அப்பா குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸ் எழுத்து வேலைக்கெல்லாம் அவர்தான் தலைவர். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது அப்பா தொண்டையைக் கனைத்தால் போதும், கைக்குழந்தை கூட அழுகையை நிறுத்தும் என்பார்கள். ஆபீஸ் சுவரில் தொங்கிய கடிகாரத்தை அப்பாவின் சங்கிலிக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திருப்பி வைப்பார்கள்.

தோட்டத்தில் அப்பாவிடம் 'இல்லை' என்று சொன்ன ஒரே ஆள் வெள்ளைக்காரத் துரை. அவரும் இங்கிலீஷில்தான் சொல்வார். தமிழில் அந்தச் சொல்லை அப்பா கேட்டதே கிடையாது. அம்மா உட்பட எல்லாரும் "சரிங்க" பாடினார்கள். நானும் பாடினேன்.

அப்பாவை ஆட்டி வைத்தது ஒன்றே ஒன்று, பஞ்சாங்கம். ஒவ்வொரு வருஷமும் தபாலில் வரும். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் காலெடுத்து வைப்பார். அன்றன்று நடந்ததை அதே பஞ்சாங்கத்தின் ஓரத்தில், பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதி வைப்பார். "மழை. பால்வெட்டு இல்லை." "துரைக்குக் காய்ச்சல்." "தனம் பல் விழுந்தது." தனம் நான்தான். என் பால்பல் விழுந்த நாள் கூட சந்திராஷ்டமத்துக்குப் பக்கத்தில் பதிவாகியிருந்தது.

இரண்டு சரிங்க மாப்பிள்ளைகள்

எனக்குப் பத்தொன்பது வயதானபோது முதல் மாப்பிள்ளை பார்க்க வந்தார். குளுவாங் கடைத்தெருவில் ஒரு கணக்கப்பிள்ளை. அம்மா பதற்றத்தில் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அப்பா, "காப்பி எப்படி?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் அவர், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். நான் உள்ளே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது.

இரண்டாவது மாப்பிள்ளை பொந்தியான் பக்கத்து வாத்தியார். அப்பா பேச்சுவாக்கில், ஜொகூர் பாரு குளுவாங்குக்கு வடக்கே இருப்பதாகச் சொல்லிவிட்டார். வாய் தவறிய வார்த்தை. வாத்தியார், "ஆமாங்க, வடக்கேதாங்க" என்றார். பூகோளம் சொல்லித் தருகிற மனிதர்! தெற்கே இருந்த ஊரை ஒரே நொடியில் தூக்கி வடக்கே வைத்துவிட்டார்.

இரண்டு பேரையும் வேண்டாம் என்றேன். அப்பாவிடம் சொல்லத் தைரியம் கிடையாது. அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எனக்கு அப்போது என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். அழகு வேண்டாம், பெரிய உத்தியோகம் வேண்டாம். என் அப்பா முகத்தைப் பார்த்து ஒரு தடவை 'இல்லை' சொல்லக்கூடிய ஆள் வேண்டும். அந்த வீட்டில் "சரிங்க" சொல்ல ஏற்கெனவே ஆள் நிறைய இருந்தது. இன்னொரு "சரிங்க"வைக் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க என்ன செய்வது?

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மூணாவது எடம் ஒண்ணு வந்திருக்கு. இதையும் வேணாம்னா ஆவணியில கப்பல். ஊர்ல அத்தை மகன் இருக்கான்" என்றார்.

தஞ்சாவூர்ப் பக்கம் என் அத்தை இருந்தார். அவருடைய மகனை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். பூஜாடிக்குப் பக்கத்தில், பூஜாடியை விட அசையாமல் நின்றார். நான் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. என் சிநேகிதிகள், என் மாடுகள், அம்மா, எல்லாரும் இந்தக் கரையில். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது இடம் மெர்சிங். அங்கே ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த சுந்தரம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டராக இருப்பது, இதெல்லாம் டிரஸ்ஸர் வேலை. அவர் எழுதிய கடிதமே விசித்திரமாக இருந்தது. தனக்கு விடுப்பு இல்லை என்றும், மாதம் ஒரு சனிக்கிழமை புலாவ் திங்கி தீவுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோவது தன் முறை என்றும், பெரியவர்கள் அன்று மெர்சிங் வந்தால் அதே படகில் கூட வரலாம் என்றும், தீவில் பெங்குலு வீட்டில் தங்கி மறுநாள் திரும்பலாம் என்றும் எழுதியிருந்தார். பெங்குலு என்றால் ஊர்த்தலைவர்.

"பொண்ணு பாக்கிறது படகுலயா?" என்று அம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தீவு ஒரு காலத்தில் எரிந்து அணைந்த எரிமலை என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. எரிமலைப் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அப்பாவிடம் இருந்தது. அதை அவர் எடுத்துப் புரட்டியபோதே நாங்கள் போகப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தயிரால் வந்த தாமதம்

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்பினோம். கஹாங், ஜெமாலுவாங் வழியாக, கோழிக் கூடைகளுக்கும் செம்மண் தூசிக்கும் நடுவே குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மரைக்காயர் மெர்சிங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் கடை மாடியில் தங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு மணமும் ஆற்று மணமும் சேர்ந்து வரும். எனக்குப் பிடித்திருந்தது. அம்மா மூக்கில் முந்தானையை வைத்தவள்தான், காலை வரை எடுக்கவில்லை.

மெர்சிங் படகுகளுக்குக் கடிகாரம் கிடையாது, தண்ணீர்தான் நேரம். ஆற்று வாயில் மணல் மேடு உண்டு. கடல் ஏறி நிற்கும்போது அதன் மேலே மிதந்து போய்விட வேண்டும். இறங்கிவிட்டால் மேடு வழிவிடாது. சனிக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்குத் தண்ணீர் உச்சத்தில் நிற்கும், அப்போதே புறப்பட வேண்டும் என்று பாக் மாட் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்.

எட்டே முக்காலுக்கு நாங்கள் போயிருக்கலாம். சனிக்கிழமை கிழக்கே சூலம். நாங்கள் போவதோ நேர் கிழக்கே. அதற்குப் பஞ்சாங்கத்தில் பரிகாரம் போட்டிருக்கிறது, தயிர். தயிர் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் சூலம் ஒன்றும் செய்யாது. மெர்சிங்கில் தயிருக்கு எங்கே போவது? மாடு வைத்திருந்த ஒரு தமிழர் வீட்டுக்கு மரைக்காயர் ஆள் அனுப்பினார். அந்த ஆள் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார்.

தயிர் வந்து, நாங்கள் மூன்று பேரும் நின்றபடியே ஆளுக்கு ஒரு கரண்டி விழுங்கிவிட்டுத் துறைக்கு ஓடியபோது ஒன்பது அடித்து இரண்டு நிமிஷம்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். கால் அப்படியே நின்றது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம்.

"பத்தரைக்கு மேல ஏறலாம்" என்றார்.

துறையில் ஒரு மெலிந்த மனிதர் மருந்துப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, படிய வாரிய தலை. அவர்தான் சுந்தரம். கும்பிட்டார். என்னைப் பார்த்தார், உடனே பெட்டியின் பூட்டைப் பார்த்தார்.

பாக் மாட் படகிலிருந்து கத்தினார். "ஆயர் சூருட், துவான்! தண்ணி எறங்குது! நாயிக், நாயிக்! ஏறுங்க!"

"துங்கு டுலு" என்றார் அப்பா, பெரட்டுக் களத்துக் குரலில். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

"அலமாக்!" என்று பாக் மாட் தலையில் கைவைத்தார். பிறகு சுந்தரத்தைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பது போல.

நானும் பார்த்தேன். முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். சுந்தரம் வாயைத் திறந்தார். அப்பா அவர் பக்கம் திரும்பினார். சுந்தரத்தின் வாய் மூடிக்கொண்டது.

"சரிங்க ஐயா" என்றார்.

போச்சு. எனக்குக் கப்பல்தான், அத்தை மகன்தான், பூஜாடிதான் என்று முடிவு செய்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம் அதற்குப் பிறகு என் ஆயுளில் நாலைந்து தடவைதான் வந்திருக்கிறது.

மேட்டின் மேல் மூன்று மணி நேரம்

பத்து முப்பத்தைந்துக்கு அப்பா வலது காலை வைத்துப் படகில் ஏறினார். பத்து ஐம்பதுக்குப் படகின் அடிவயிறு மணலில் உரசியது. ஒரு முனகல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பாக் மாட் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் புகையிலைப் பையை எடுத்தார்.

சுந்தரம் குதித்துத் தள்ளிப் பார்த்தார். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்த் தகரமும் ஏற்றிய படகு, ஒல்லி டிரஸ்ஸர் தள்ளியா நகரும்? அவர்தான் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார்.

பதினொன்றரை மணிக்கு அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். எந்தக் கஷ்டத்திலும் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது என்பது அவளுடைய பஞ்சாங்கம். வாழையிலை நறுக்கில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தாள். பாக் மாட் ஒரு வாய் போட்டுவிட்டு, "செடாப், செடாப்" என்று இரண்டாம் தடவை இலையை நீட்டினார். சுவையாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வது. அம்மாவுக்கு மலாய் அதிகம் தெரியாது, ஆனால் அந்த வார்த்தை தெரியும். அதற்குப் பிறகு அவளுக்குப் படகு பிடித்துப் போனது.

"ஏன் தம்பி, அந்த மலை மறுபடி எரியுமா?" என்று சுந்தரத்திடம் கேட்டாள்.

"எரியாதுங்கம்மா. அது அணைஞ்சு எந்தக் காலமோ ஆச்சு."

"அடுப்பு கூட அணைஞ்சிருச்சுன்னுதான் நெனப்போம். சாம்பலைக் கிண்டினா உள்ள கனல் இருக்கும்."

"அங்க யாரும் கிண்ட மாட்டாங்கம்மா" என்றார் சுந்தரம். அம்மா திருப்தியோடு இன்னொரு கரண்டி வறுவல் வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு அப்பா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். தூங்கினாரா, தூங்குவது போல இருந்தாரா தெரியாது. சுந்தரம் இலைகளைச் சேர்த்துக்கொண்டு என் பக்கமாக வந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. கல்யாணம் ஆகாத பெண் அப்படி நேராகப் பேசுவது அந்தக் காலத்தில் பெரிய குற்றம். கப்பல் ஏறப்போகிறவளுக்கு என்ன குற்றம்?

"தண்ணி எறங்கிரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் இலைகளைக் கையில் வைத்தபடி நின்றார். "தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நொண்டிச் சாக்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "பயந்துட்டேன்" என்றார்.

எனக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது.

"எதுத்துப் பேசுறான்னு ஐயா நெனச்சா, எடம் கைவிட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன். உங்க போட்டோவை அனுப்பியிருந்தாங்க." காது வரை சிவந்துவிட்டார். பிறகு குரல் மாறியது. "தப்புதான். தீவுல பெங்குலு வீட்டம்மாவுக்குக் கால்ல பவளப்பாறை கிழிச்சு புண்ணு சீழ் வச்சிருக்குன்னு போன வாரமே தகவல் வந்துச்சு. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் இங்க மணல்ல நிக்கிறேன்."

அவர் திரும்பிப் போய் மருந்துப் பெட்டியை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினார். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் பயந்துட்டேன் என்று ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு வார்த்தை

மணி இரண்டு ஆகும்போது படகுக்கு அடியில் சலசலவென்று சத்தம் கேட்டது. நண்டுகள் வளைக்குள் போயின. படகு ஒரு பக்கமிருந்து மெதுவாக நிமிர்ந்தது. பாக் மாட் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்பினார்.

அப்பா தொப்பியை எடுத்தார். கடிகாரத்தைத் திறந்தார்.

"நிறுத்து. எமகண்டம். மூணு மணி வரைக்கும் இருக்கு. மூணுக்கு மேல போலாம்."

பாக் மாட் கையை ஆட்டினார். இது சின்னத் தண்ணீர், பகலில் வருவது அரை மணி நேரம் கூட நிற்காது, இதை விட்டால் இனி ராத்திரித் தண்ணீர்தான், இருட்டில் பாறைகளுக்கு நடுவே தான் ஓட்டமாட்டேன் என்று மலாயில் பொரிந்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"இல்லைங்க ஐயா."

யார் சொன்னது என்று அப்பாவுக்கு உடனே புரியவில்லை. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகத்தான் சுந்தரத்தைப் பார்த்தார். அவர் மருந்துப் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேங்க. மூணு மணி வரைக்கும் நிக்க முடியாது. காலையிலயே சொல்லியிருக்கணும். உங்களுக்குக் கோவம் வந்துருமோன்னு வாயை மூடிக்கிட்டேன். அதனாலதான் எல்லாரும் இங்க காயறோம். ரெண்டாவது வாட்டியும் அப்படி இருக்க மாட்டேங்க. அங்க ஒரு அம்மா கால் புண்ணோட உக்காந்திருக்காங்க. உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா துறையில எறக்கி விடச் சொல்றேன். நான் இப்பவே போகணும்."

பிறகு அவரே தொடர்ந்தார். "அதுக்காகப் பொண்ணு குடுக்க முடியாதுன்னு சொன்னீங்கன்னா, பரவாயில்லைங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். படகு ஆடியது. அதே மூச்சில் கோபமும் வந்தது. பரவாயில்லையா? என்ன பரவாயில்லை? இதை நான் பிற்பாடு அவரிடம் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அப்பா திறந்த கடிகாரத்தைப் பார்த்தார். இயந்திரம் மட்டும் டபடபவென்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, ஆனால் எங்களுக்காக நிற்கவில்லை.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "ஏங்க, எமன் வர்றதா இருந்தா காலையிலருந்து இதே எடத்துலதான உக்காந்திருக்கோம், வந்திருக்க மாட்டானா? போலாங்க."

அப்பா அம்மாவையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பிறகு கடிகாரத்தை மூடினார். டக் என்று சத்தம் கேட்டது. பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ஜாலான், போ" என்றார் பாக் மாட்டிடம்.

படகு மேட்டைத் தாண்டியது.

அணைந்த மலை

மேட்டைத் தாண்டியதும் காற்று வந்தது. பச்சையாக இருந்த தண்ணீர் நீலமானது. நான் அப்படி ஒரு நீலத்தை அதுவரை பார்த்ததில்லை. பறவை மீன்கள் படகுக்கு முன்னால் துள்ளிப் பறந்தன. அம்மா குடையை மடக்கிவிட்டுக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அப்பாவுக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் விழுங்கிய பரிகாரத் தயிரைப் படகின் ஓரத்தில் தலையை நீட்டிக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார். சுந்தரம் ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஏதோ மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். "குடிங்க ஐயா." "வேணாம்." "இல்லைங்க, குடிக்கணும்." அப்பா குடித்தார். ஒரே நாளில் இரண்டாவது 'இல்லை'. அவருக்குக் கொஞ்சம் பழகிவிட்டது போலிருந்தது.

நாலு மணிக்கு மேல் புலாவ் திங்கி கிட்டே வந்தது. கடலுக்கு நடுவே ஒரே ஒரு மலை, அடி அகன்று உச்சி கூர்ந்து, களத்தில் குவித்த நெல் போல. மேலே மட்டும் ஒரு மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க, புகை!" என்று அம்மா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"மேகம்" என்றார் அப்பா, பலவீனமான குரலில். ஆனால் கண்ணை எடுக்கவே இல்லை. புத்தகத்தில் பார்த்த படம் எழுந்து வந்து எதிரே நின்றால் யாருக்குத்தான் வாந்தி நினைவிருக்கும்?

தீவில் துறை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்துதான் கரையேற வேண்டும். தென்னைகளுக்குக் கீழே தீவுக் கிராமத்து ஜனங்கள் காத்திருந்தார்கள். சுந்தரம் இறங்கி, மருந்துப் பெட்டிக்காகக் கையை நீட்டினார். அதற்குள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். தன் குடையைக்கூட ஆபீஸ் பையனிடம் கொடுத்துத் தூக்கிவரச் சொல்கிற மனிதர்.

"ஐயா, நான்..." என்றார் சுந்தரம்.

"நட" என்றார் அப்பா.

பெங்குலு வீட்டம்மாவின் கால் வீங்கிக் கறுத்திருந்தது. சுந்தரம் கழுவி, சீழை எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார். அந்த அரை மணி நேரமும் அப்பா தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் புண் எலும்புக்குப் போயிருக்கும் என்று சுந்தரம் மலாயில் பெங்குலுவிடம் சொன்னார். அப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

வெளியே வந்ததும் நான் அப்பாவிடம் போனேன். வழக்கமாக அம்மா வழியாகப் போகிற செய்தியை அன்று நேராகவே சொன்னேன்.

"அப்பா, எனக்கு இந்த எடம் சரி."

அப்பா மலையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பையனுக்குச் சரியான்னு கேட்டியா?" என்றார்.

"இல்லைன்னா சொல்லியிருப்பாரேப்பா. அவருக்குத்தான் சொல்லத் தெரியுமே."

அப்பா தொண்டையைக் கனைத்தார். ஆனால் அது சிரிப்பை அடக்கிய கனைப்பு.

மறுநாள் காலையில், மலை உச்சிக்குப் போகலாமா என்று நான் சுந்தரத்திடம் கேட்டேன். "இல்லை, வழுக்கும், அட்டை நெறைய" என்றார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். 'இல்லை' சொல்லத் தெரிந்த ஆளைத் தேடிக் கட்டிக்கொண்டால், அவர் அதை அப்பாவிடம் மட்டுமா சொல்வார்? புது அலமாரிக்கு இல்லை, சினிமாவுக்கு இல்லை, மூன்றாவது மாட்டுக்கு இல்லை. நாற்பது வருஷம் நானும் சளைக்காமல் சண்டை போட்டேன். பாதிக்கு மேல் நான்தான் ஜெயித்தேன். மூன்றாவது மாடு வந்தது.

ஆவணியில் கப்பல் ஏற வேண்டியவள், அதே ஆவணியில் தாலியோடு மெர்சிங்குக்கு பஸ் ஏறினேன். அதன் பிறகு எங்களைப் பார்க்க வருவதற்கு முன் அப்பா தவறாமல் ஒரு கடிதம் போடுவார். "சனிக்கிழமை வருகிறோம். தீவுக்குப் போகலாம் என்று உன் அம்மா சொல்கிறாள். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுதவும்." ராகுகாலத்தை விட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். மற்ற ஊருக்கெல்லாம் பார்ப்பார். மெர்சிங்குக்கு மட்டும் விதிவிலக்கு.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களோடு வந்து இருந்தபோது, தன் பழைய பஞ்சாங்கங்களையெல்லாம் சணல் கயிற்றில் கட்டி ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். ஒரு மழை நாளில், கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்துப் பஞ்சாங்கத்தில், ஆனி மாதத்தில், அந்தச் சனிக்கிழமை வரிக்கு நேரே ஓரத்தில் பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

"மெர்சிங். எமகண்டத்தில் தண்ணீர் ஏறியது. புறப்பட்டோம். நல்ல நேரம்."